காக்கா ஆழியை வாரிக் கொட்டுவதற்கு முன்னால்



இந்த மாதம் ஒரே செய்தி எனக்கு ஐந்து பேரிடமிருந்து வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. கடல் சிப்பியிலிருந்து எடுத்த மாத்திரையாம், மூட்டுவலி மூன்றே நாளில் ஓடிப்போகுமாம். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று: கடற்பாசிப் பொடி புற்றுநோயைக் கரைத்துவிடுமாம். அனுப்பியவர்களில் மூன்று பேர் என்னிடம் ஏழாம் வகுப்பில் அறிவியல் படித்தவர்கள். ஒருவர் என் நாத்தனார். மீதி ஒருவர்தான் "டீச்சர், இது உண்மையா?" என்று கேட்டு அனுப்பினார். அவருக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத வேறொரு விஷயத்துக்குப் போய்விட்டது, அதுதான் முக்கியமும்கூட. பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் மாத்திரை. கடலில் மருந்து இருப்பது உண்மை. மூன்று நாள் கணக்குதான் பொய்.

அந்தச் சிப்பி நமக்குத் தெரியாததல்ல. எண்ணூர் முகத்துவாரத்துப் பாறைகளில் ஒட்டிக்கொண்டிருக்குமே, பச்சை ஆழி, அதுதான். (சிலர் ஆளி என்று எழுதுகிறார்கள். நம் பக்கத்தில் ஆழி என்றுதான் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.) கொச்சியில் இருக்கும் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தில் காஜல் சக்ரவர்த்தி என்ற விஞ்ஞானியின் குழு இதே பச்சை ஆழியிலிருந்து வீக்கத்தையும் வலியையும் குறைக்கும் பொருள்களைப் பிரித்தெடுத்தது. 'கடல்மீன்' என்ற பெயரில் அந்த நிறுவனம் வெளியிட்ட தயாரிப்புகளில் ஒன்று பச்சை ஆழிச் சாறு. கடற்பாசியிலிருந்தும் அவர்கள் தயாரித்தார்கள். நியூசிலாந்தில் இதற்கு ஓர் அக்கா உண்டு. அதுவும் பச்சை உதட்டு ஆழிதான், இனம் மட்டும் வேறு. அங்கே கடலோர மாவோரி மக்கள் அதை நிறையச் சாப்பிடுகிறவர்கள், அவர்களுக்கு மூட்டுவலி குறைவு என்று ஒரு பேச்சு இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் ஆராய்ச்சியே தொடங்கியது. இந்தப் 'பேச்சு' என்ற சொல்லை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

ஆனால் இவை சத்துத் துணைப்பொருளாக விற்கப்படுகிறவை. நோயாளிகளிடம் கட்டம் கட்டமாகச் சோதித்து அனுமதி வாங்கும் மருந்து வேறு. ஒவ்வாமை உள்ளவர்கள், அதாவது இறால், நண்டு சாப்பிட்டால் உடம்பு தடிக்கிறவர்கள், இந்தப் பக்கமே போகக்கூடாது. ஏற்கெனவே வேறு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. நாத்தனாருக்கு இதைத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொண்டார். பரவாயில்லை.

"அப்படியானால் நம் எண்ணூர் ஆழியையே வேகவைத்துத் தின்றால் போதுமே" என்று யாராவது கிளம்பிவிடப் போகிறீர்கள். வேண்டாம். ஆழி வாயைத் திறந்து இரை தேடுகிற பிராணி இல்லை. நாள் முழுக்கத் தண்ணீரை உள்ளே இழுத்து, வடிகட்டி, மிதப்பதைத் தின்று, தண்ணீரை வெளியே விடும். தண்ணீரில் காட்மியம் இருந்தால் அதுவும் உடம்பில் தங்கும். ஈயம் இருந்தால் ஈயம். இந்தக் குணத்தை வைத்தே எட்வர்ட் கோல்ட்பர்க் என்ற விஞ்ஞானி 1975இல் ஒரு யோசனை சொன்னார்: கடற்கரை நெடுக ஆழிகளை எடுத்துச் சோதித்தால் எந்தக் கரை எவ்வளவு கெட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். அமெரிக்காவில் 1986இலிருந்து அது 'மஸ்ஸல் வாட்ச்' என்ற அரசுத் திட்டமாகவே நடந்தது. ஆக, அதே பச்சை ஆழி ஒரு பக்கம் மருந்துச் சரக்கு, இன்னொரு பக்கம் தண்ணீரின் மார்க் ஷீட். நம்மூர் தண்ணீரின் மார்க்கை நான் சொல்லத் தேவையில்லை. அனல்மின் நிலையச் சாம்பல், ஆலைகளின் வெந்நீர், 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெய், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக முகத்துவாரத்துக்கு வந்த எண்ணெய்... வாளியில் அள்ளியதைப் பார்த்தவர்கள்தானே நீங்கள்.

இனி, கடலில் மருந்து எப்படி வந்தது என்று பார்ப்போம். ஏழாம் வகுப்புப் பாடம் மாதிரியே சொல்கிறேன். மான் ஓடித் தப்பிக்கும். ஆமை ஓட்டுக்குள் ஒளியும். கடற்பஞ்சு என்ன செய்யும்? பாறையில் ஒரு முறை ஒட்டிவிட்டால் அதே பாறையில் ஒட்டிக்கொண்டே சாகும் உயிர் அது. பல்லும் இல்லை, நகமும் இல்லை. தின்ன வரும் மீனையும், மேலே படர வரும் பக்கத்து வீட்டுக்காரனையும், நோய் தர வரும் நுண்ணுயிரையும் அது வேதிப்பொருளால்தான் விரட்ட வேண்டும். சில சமயம் அந்தப் பொருளை அதற்குள்ளே குடியிருக்கும் பாக்டீரியா சமைத்துக் கொடுக்கிறது. அடுத்தவனுடைய செல் பெருகாமல் தடுக்கும் ஒரு பொருள், பெருகிக்கொண்டே போகும் புற்றுநோய் செல்லையும் தடுக்கலாம் அல்லவா? மொத்த விஷயமும் இவ்வளவுதான்.

வெர்னர் பெர்க்மன் என்ற வேதியியலாளர் 1945இல் அமெரிக்காவின் புளோரிடா கரையில் ஒரு கடற்பஞ்சை எடுத்தார். அதற்குள் இருந்த விசித்திரமான சர்க்கரை சேர்ந்த மூலக்கூறுகளை 1950களின் தொடக்கத்தில் விவரித்தார். அதை மாதிரியாக வைத்து ஆய்வகத்தில் செய்ததுதான் சைட்டாரபின். 1969இல் மருந்தாக அனுமதி கிடைத்தது. இன்றும் இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கிறார்கள். கடலில் எடுத்ததற்கும் நரம்பில் ஏற்றியதற்கும் நடுவில் 24 வருஷம்! கரீபியன் கடலில் மாங்குரோவ் வேர்களில் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு, தொட்டால் தண்ணீரைப் பீய்ச்சும் ஓர் உயிரினத்தில் கிடைத்த டிராபெக்டடின் இன்னும் மோசம். அதன் சாறு புற்றுநோய் செல்லைத் தடுக்கிறது என்று 1969இல் தெரிந்தது, ஐரோப்பாவில் மருந்தாக வந்தது 2007இல். ஒரு கிராம் மருந்துக்கு ஒரு டன் பிராணி வேண்டியிருந்தது, அதை வேறு வழியில் தயாரிக்கக் கற்பதற்குள் இத்தனை வருஷம். ஜப்பானியர்கள் 600 கிலோ கடற்பஞ்சைப் பிழிந்து எடுத்த ஹாலிகான்ட்ரின் என்ற பொருளின் எடை 12.5 மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பில் கொஞ்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு பகுதியை மட்டும் ஆய்வகத்தில் கட்டி எரிபுலின் என்ற மார்பகப் புற்றுநோய் மருந்தாக 2010இல் கொண்டுவந்தார்கள். பொடியைக் கரைத்துக் குடித்தால் புற்றுநோய் கரையும் என்று இனி யாராவது எனக்கு அனுப்பினால், இந்த 600 கிலோ கணக்கைத் திருப்பி அனுப்புவேன். சிகிச்சையை நிறுத்திவிட்டுப் பொடிக்குப் போனவர்களை நம் தெருவிலேயே பார்த்தாயிற்று. அதற்கு மேல் சொல்ல மனசு வரவில்லை.

இது வரைக்கும் பாடம். இனி என் கருத்து.

இந்த மருந்துகளின் கதைகளைப் படிக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். பலவற்றில் முதல் துப்பு ஆய்வகத்துக்குள் கிடைக்கவில்லை, கரையில் கிடைத்தது. கரையில் நின்று உற்றுப் பார்த்த யாரோ சொன்ன வார்த்தையில் கிடைத்தது. மாவோரிகளைப் பற்றிய பேச்சு ஒன்று. இன்னும் மூன்று சொல்கிறேன்.

ஜப்பானில் தூண்டில் போடுகிறவர்கள் இரைக்கு ஒருவகைக் கடல் புழுவைப் பயன்படுத்துவார்கள். செத்த புழுவின்மேல் உட்கார்ந்த ஈக்கள் எழுந்து பறக்காமல் விழுந்து செத்தன. இதைப் பார்த்தது தூண்டில்காரர்கள். அந்தப் பேச்சைக் காதில் வாங்கிய நிட்டா என்ற ஆய்வாளர் 1934இல் புழுவிலிருந்து நஞ்சைப் பிரித்தார். அதை மாதிரியாக வைத்து 1967இல் ஜப்பானில் ஒரு பூச்சிக்கொல்லி விற்பனைக்கு வந்தது. அதன் பெயர் கார்டாப். பொன்னேரிப் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள், நெல்லில் குருத்துப்பூச்சிக்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் போடுகிற குருணை மருந்தில் கார்டாப் உண்டு. ஜப்பான் தூண்டில்காரர் பார்த்த செத்த ஈ, திருவள்ளூர் மாவட்டத்து வயலில் வந்து நிற்கிறது.

இரண்டாவது கதை எனக்கு மிகவும் பிடித்தது, காரணம் அது சாக்கடையில் நடக்கிறது. இத்தாலியைச் சேர்ந்த சார்டினியா தீவில் காலியாரி என்ற துறைமுக ஊர். 1945. போர் முடிந்த சமயம். ஊர்க் கழிவு முழுவதும் ஒரு குழாய் வழியாகக் கடலில் விழுகிறது. அந்தக் கடலில் பிள்ளைகள் குளிக்கிறார்கள். ஊரில் டைபாய்டு இருக்கிறது, ஆனால் இப்படிக் குளிக்கிறவர்களுக்கு வர வேண்டிய அளவுக்கு வரவில்லை. ஜுசெப்பே புரோட்ஸு என்ற சுகாதாரப் பேராசிரியருக்கு இது உறுத்தியது. தண்ணீரிலேயே டைபாய்டு கிருமியைக் கொல்லும் ஏதோ ஒன்று இருக்கிறதோ? கழிவுக் குழாயின் வாயிலிருந்து தண்ணீர் எடுத்து வளர்த்துப் பார்த்தார். ஒரு பூஞ்சை கிடைத்தது, அது கிருமிகளைக் கொன்றது. வசதியில்லாத ஊர், வசதியில்லாத ஆய்வகம். 1948இல் உள்ளூரிலேயே அச்சடித்த ஒரு சின்ன வெளியீட்டில் கண்டதை எழுதினார். பூஞ்சையை ஆக்ஸ்ஃபோர்டுக்கு அனுப்பினார். அங்கே ஆப்ரகாம், நியூட்டன் என்ற இருவர் 1950களில் அதிலிருந்து செஃபலோஸ்போரினைப் பிரித்தார்கள். உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எழுதித் தருகிறார்களே செஃபிக்ஸிம், ஆஸ்பத்திரியில் போடுகிறார்களே செஃப்ட்ரையாக்சோன் ஊசி, எல்லாம் அந்தக் குடும்பத்தின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். நம் ஊரில் டைபாய்டுக்கும் அதைத்தான் தருகிறார்கள். சாக்கடையில் இருந்து வந்தது என்று தெரிந்தால் சில பாட்டிகள் விழுங்க மாட்டார்கள், அவர்களிடம் சொல்லாதீர்கள்.

மூன்றாவது கூம்பு நத்தை. கன்னியாகுமரி, ராமேஸ்வரம் கடைகளில் அழகாகப் புள்ளியும் கோடுமாக அடுக்கி வைத்திருப்பார்களே, அதில் பலது கூம்பு நத்தையின் ஓடு. உயிரோடு இருக்கும்போது அது ஊசி போன்ற பல்லை எறிந்து மீனைச் செயலிழக்கச் செய்து விழுங்கும். ஒரு சில இனங்கள் மனிதரைக் கொன்றிருக்கின்றன. பிலிப்பைன்ஸ் மீனவர்களுக்கு அது தெரிந்த ஆபத்து. பால்டொமெரோ ஒலிவெரா அமெரிக்காவில் படித்துவிட்டு மணிலாவுக்குத் திரும்பியபோது ஆய்வகத்தில் கருவி எதுவும் இல்லை. கருவி இல்லாமல், கடற்கரையில் மலிவாகக் கிடைப்பதை வைத்து என்ன செய்யலாம் என்று யோசித்து நத்தையின் நஞ்சை எடுத்துக்கொண்டார். பிறகு அமெரிக்காவின் யூட்டாவில் அவரிடம், அப்போதுதான் பள்ளி முடித்துக் கல்லூரிக்கு வந்த மைக்கேல் மெக்கின்டோஷ் என்ற மாணவர் சேர்ந்தார். அந்தப் பையன் பிரித்தெடுத்த ஒரு நஞ்சுதான் 2004இல் ஜிகோனோடைட் என்ற வலிநீக்கியாக அனுமதி பெற்றது. மார்ஃபினுக்கும் அடங்காத வலிக்குத் தண்டுவடத் திரவத்தில் செலுத்துகிறார்கள். மார்ஃபின் போல அடிமையாக்காது. நம் நாட்டிலும் இந்த வேலை நடந்திருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் பலராம், மும்பை டாடா ஆய்வு நிறுவனத்தின் கே.எஸ்.கிருஷ்ணன் ஆகியோரின் குழுக்கள் நம் கிழக்குக் கடலில் கிடைத்த கூம்பு நத்தைகளின் நஞ்சை ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த நத்தைகளை வலையிலிருந்து எடுத்துப் போடுவது யார்? நம் மீனவர்கள்தான்.

இந்த மூன்று இடங்களிலும் கரைக்கும் ஆய்வகத்துக்கும் நடுவில் ஒரு வழி இருந்தது. கரையில் ஒருவர் பார்த்தார், சொன்னார். அந்தப் பக்கம் ஒருவர் காது கொடுத்தார். நம் வட சென்னையில் பார்க்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை, காது கொடுக்கத்தான் ஆள் வேண்டும்.

பார்க்கிறவர்கள் என்று சும்மா சொல்லவில்லை. திருக்கை முள் குத்தினால் தாங்குகிற சூட்டில் வெந்நீரில் காலை வைக்கச் சொல்வது கடற்கரைப் பிள்ளைகளுக்குத் தெரியும். நஞ்சு புரதத்தால் ஆனது, சூட்டில் கெட்டுவிடும் என்பதால் உலகம் முழுக்க முதலுதவிப் புத்தகங்களிலும் அதுதான் இருக்கிறது. எந்தச் சொறி பட்டால் எரியும், எது எரியாது. எந்த மாதத்தில் எந்த மீனின் ஈரலைத் தொடக்கூடாது. எந்தப் பாறையில் பாசி படரும், எதில் ஒன்றுமே ஒட்டாது. இதெல்லாம் வகுப்பில் என் எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எனக்குச் சொல்லிக் கொடுத்தவை. அவர்களில் பாதிப் பேர் அறிவியலில் 35 வாங்கத் தடுமாறினார்கள். பாடப்புத்தகத்தில் அவர்கள் கடல் இல்லை, அவ்வளவுதான்.

இப்போது காக்கா ஆழிக்கு வருகிறேன்.

எண்ணூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டாம். வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். சில வருஷங்களாகக் கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் கருப்பாக ஓர் ஆழி பரவுகிறது. நம் பச்சை ஆழிக்கும் மஞ்ச மட்டிக்கும் இடம் இல்லாமல், சேற்றின்மேல் கம்பளம் விரித்தது போல் படிந்துவிட்டது. கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களுக்குத் தடவ இடமில்லை, தடவினால் கையும் காலும் கிழிகிறது. அதற்குக் 'காக்கா ஆழி' என்று பெயர் வைத்தவர்கள் மீனவர்கள். இது நம் ஊர் இனம் இல்லை, பரவுகிறது, இறாலைக் கெடுக்கிறது என்று முதலில் கத்தியவர்களும் அவர்கள்தான். விஞ்ஞானப் பெயர் பின்னால் வந்தது: மைட்டெல்லா ஸ்ட்ரிகேட்டா. தென் அமெரிக்க, மத்திய அமெரிக்கக் கரைகளின் பிராணி. கப்பல்கள் எடை சமநிலைக்காக ஒரு துறைமுகத்தில் நிரப்பி இன்னொரு துறைமுகத்தில் கொட்டும் தண்ணீரில் குஞ்சாக வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்கிறார்கள். பசுமைத் தீர்ப்பாயம் வரை விவகாரம் போயிற்று. இப்போது அதைத் தோண்டி எடுத்து அகற்றுவது பற்றிப் பேசுகிறார்கள்.

அகற்றத்தான் வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. என் வேண்டுகோள் ஒன்றுதான்: லாரி லாரியாக எடுத்துக் கொட்டுவதற்கு முன்னால் நாலு கூடையை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். மருந்து தேடுகிறவர்கள் ஒரு டன் பிராணிக்காகக் கடலைத் துழாவினார்கள் என்று மேலே சொன்னேன். இங்கே டன் கணக்கில் ஒரு பிராணி கரையோரமே கிடக்கிறது. எடுத்தால் யாருக்கும் நஷ்டமில்லை, எடுப்பதே நல்ல காரியம். இப்படி ஒரு வாய்ப்பு ஆராய்ச்சிக்காரர்களுக்கு எத்தனை தடவை வரும்?

அதில் என்ன தேடுவது? நான் விஞ்ஞானி இல்லை, பட்டயப் பயிற்சி முடித்த பள்ளி ஆசிரியை. ஆனால் கேள்வி கேட்பது என் தொழில். ஆழி பாறையைப் பிடித்துக்கொள்வது நூல் போன்ற இழைகளால். அந்த இழையின் நுனியில் இருக்கும் பசை தண்ணீருக்குள்ளேயே ஒட்டும். நாம் கடையில் வாங்கும் சாதாரணப் பசை ஈரத்தில் சரியாக ஒட்டாது, கவனித்திருப்பீர்கள். 1981இல் ஹெர்பர்ட் வெய்ட் என்ற அமெரிக்கர் ஆழியின் பசைப் புரதத்தில் டோபா என்ற ஒரு பொருள் இருப்பதைக் காட்டினார். அதிலிருந்து, உடம்பின் ஈரமான திசுவை ஒட்டும் அறுவைச் சிகிச்சைப் பசை செய்ய உலகமெங்கும் முயற்சிகள் நடக்கின்றன. நம் காக்கா ஆழி பாறையே தேடுவதில்லை. சேற்றிலேயே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பாய் பின்னுகிறது. உப்பு ஏறினாலும் மழை வெள்ளத்தில் உப்பு இறங்கினாலும் சாவதில்லை. அந்த இழையில் என்ன இருக்கிறது? சாக்கடையும் சாம்பலும் எண்ணெயும் கலந்த தண்ணீரை நாள் முழுக்க வடிகட்டிக் குடித்தும் நோய் வந்து சாகாமல் பெருகுகிறதே, கிருமியை எதிர்க்க அதன் உடம்பில் எது இருக்கிறது? அதன் மேலேயும் உள்ளேயும் வாழும் நுண்ணுயிர்கள் எவை? ஒன்றும் இல்லை என்றும் பதில் வரலாம். அதுவும் பதில்தான், எழுதி வைக்கலாம்.

இரண்டு ஆட்சேபங்கள் வரும் என்று தெரியும். ஒன்று, "அழுக்குத் தண்ணீர் டீச்சர், அங்கே என்ன மருந்து கிடைக்கும்?" காலியாரி சாக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆய்வாளர் தேடுவது அந்தச் சதையைத் தின்ன அல்ல, அதற்குள் இருக்கும் ஒரு மூலக்கூறின் வடிவத்தை எழுதிக்கொள்ள. வடிவம் தெரிந்துவிட்டால் சுத்தமான ஆலையில் செய்துகொள்ளலாம், சைட்டாரபின் அப்படித்தான் வந்தது.

இன்னொரு ஆட்சேபம் கொஞ்சம் கனமானது. ஒரு பழைய மாணவர், இப்போது முகத்துவாரத்துக்காகப் போராடுகிறவர்களில் ஒருவர், நான் இதை வாயால் சொன்னபோதே கேட்டார்: "நீங்கள் இப்படிச் சொன்னால், சாக்கடையிலும் புதையல் இருக்கிறது, அப்படியே இருக்கட்டும் என்று அவர்கள் சொல்லிவிட மாட்டார்களா?" சொல்வார்கள். அதனால் தெளிவாக எழுதுகிறேன். புரோட்ஸு கண்டெடுத்த பூஞ்சைக்காக யாரும் காலியாரியின் கழிவுக் குழாயைப் போற்றிப் பாதுகாக்கச் சொல்லவில்லை. அழுக்கில் தாக்குப்பிடிப்பது பத்து இனம் என்றால் அழிவது நூறு இனம். அந்த நூறில் எது எந்த நோய்க்கு என்று பார்ப்பதற்குள் போய்விடுகிறது. பச்சை ஆழியின் மருந்தைக் கொச்சியில் பிரித்தார்கள், எண்ணூரில் பச்சை ஆழிக்கே இடம் போய்க்கொண்டிருக்கிறது. மஞ்ச மட்டியை யாராவது முழுதாகச் சோதித்து முடிப்பதற்குள் அது மிஞ்சுமா? சாம்பலையும் எண்ணெயையும் நிறுத்துங்கள் என்று கேட்பதற்கு இதுவரை நாம் சொன்ன காரணங்களோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

பணம் இல்லை என்று சொல்ல முடியாது. 2021இல் மத்திய அரசு ஆழ்கடல் இயக்கத்துக்கு 4,077 கோடி ரூபாய் ஒப்புதல் கொடுத்தது. மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு அனுப்பும் மத்ஸ்யா 6000 வாகனத்தைச் செய்வது நம் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம். ஆழ்கடல் உயிரினங்களை, நுண்ணுயிர்களை ஆராய்வதும் அந்த இயக்கத்தில் உண்டு. எனக்கு அதில் பெருமைதான். பேரன் அந்த வாகனத்தின் படத்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறான். ஆனால் பள்ளிக்கரணை ஆய்வகமும் எண்ணூர்க் கழிமுகமும் ஒரே ஊருக்குள் இருக்கின்றன. 6,000 மீட்டர் இறங்குகிறவர்கள் ஒரு தடவை முழங்கால் தண்ணீரிலும் இறங்கலாமே? பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. வெள்ளாற்றின் முகத்துவாரத்திலேயே உட்கார்ந்துகொண்டு பல பத்தாண்டுகளாக அந்தக் கரையை, அந்தக் கழிமுகத்தைப் படித்தார்கள். இவ்வளவு பெரிய துறைமுகக் கரைக்கு, காசிமேட்டிலிருந்து காட்டுப்பள்ளி வரைக்கும், அப்படி ஒரு சின்ன அறையாவது வேண்டாமா? ஒரு குளிர்பெட்டி, ஒரு நுண்ணோக்கி, மீனவர் சொல்வதைக் கேட்டு எழுதும் ஒரு நோட்டு, அதைப் புரிந்துகொள்ளும் இரண்டு இளைஞர்கள். வட சென்னை வளர்ச்சித் திட்டம் என்று பெரிதாகப் பேசுகிறார்களே, அதில் ஒரு வரியாக இதைச் சேர்க்கலாம்.

காசிமேட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. விசைப்படகு வலையில் மீனோடு கடலடியிலிருந்து கடற்பஞ்சு, கடல் விசிறி, பேர் தெரியாத வழவழப்பான உயிர் எல்லாம் சேர்ந்து வருகிறது. விலை போகாததைக் கழிவு மீனோடு கோழித் தீவனத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள், அல்லது கடலிலேயே எறிகிறார்கள். ஆய்வாளர்கள் முங்கி எடுக்க வேண்டிய பொருள் தினமும் விடியற்காலை ஏலத் தளத்தில் கிடக்கிறது.

கடைசியாகப் பங்கு விஷயம். இதை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் வீண். கரையில் பார்த்தவர் சொன்னார், ஆய்வகம் எடுத்தது, கம்பெனி விற்றது, பார்த்தவருக்கு? ஜப்பான் தூண்டில்காரர்களின் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் நம் நாட்டில் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. அகத்திய மலையில் காணி மக்கள் களைப்பு தெரியாமல் நடக்க ஒரு காயைத் தின்பதை 1987இல் கேரள விஞ்ஞானிகள் பார்த்தார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடியிலிருந்து செய்த 'ஜீவனி' மருந்தின் உரிமத் தொகையில் பாதியைக் காணி மக்களுக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். அப்போது சட்டம் கிடையாது. பிறகு 2002இல் உயிரியல் பன்மைச் சட்டம் வந்தது. அதை நடத்தும் தேசிய ஆணையத்தின் தலைமையகம் டெல்லியில் இல்லை, நம் சென்னைத் தரமணியில் இருக்கிறது. கடலிலும் அது பயன்பட்டிருக்கிறது. ராமநாதபுரம் கடலில் வளர்த்த காப்பாஃபைகஸ் பாசியை வெளிநாட்டுக்கு அனுப்பிய பெப்சி நிறுவனம் 30 லட்சம் ரூபாய்க்கு மேல் பங்குத் தொகையாக ஆணையத்திடம் கட்டியது. ஆக, சட்டம் இருக்கிறது, முன்மாதிரியும் இருக்கிறது. உள்ளூர் அளவில் பல்லுயிர் மேலாண்மைக் குழு வேண்டும், மக்களே எழுதும் பல்லுயிர்ப் பதிவேடு வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. அந்தப் பதிவேட்டில் காக்கா ஆழிக்கு எதிரே, "இதை முதலில் கண்டு சொன்னவர்கள் எண்ணூர்க் கழிமுக மீனவர்கள்" என்று ஒரு வரி ஏற வேண்டும். நாளைக்கு அதன் பசையிலிருந்து ஏதாவது வந்தால் அந்த வரி பேசும். எழுதாமல் விட்டால் காட்டுக்குப்பத்து அம்மாக்கள் கை கிழிந்ததுதான் மிச்சம்.

ஆகவே சில பேரிடம் நேரடியாகக் கேட்கிறேன், வெட்கப்படாமல் முன்னால் வாருங்கள்.

மருந்து கம்பெனிகளில் தர ஆய்வுப் பிரிவில் வேலை பார்க்கும் என் பிள்ளைகள் குறைந்தது நான்கு பேர் இருக்கிறீர்கள். ஒரு சாற்றைக் கிருமித் தட்டில் வைத்துப் பார்க்க என்ன செலவாகும், எந்தக் கல்லூரியில் செய்து தருவார்கள் என்று எழுதுங்கள். விலங்கியல், உயிர்த் தொழில்நுட்பம் படித்துவிட்டு இப்போது வேறு வேலையில் இருப்பவர்களும் கூச்சப்படாமல் சொல்லுங்கள், உங்கள் பேராசிரியர் யாராவது கேட்கக்கூடியவராக இருப்பார். வழக்கறிஞர்களாக இருக்கும் இருவரும், மாநகராட்சியின் நம் மண்டலத்தில் பல்லுயிர்க் குழு இருக்கிறதா, பதிவேடு இருக்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய்தான், நான் தருகிறேன்.

கடலுக்குப் போகிறவர்களிடம் கேட்பது வேறு. உங்கள் அப்பாவிடம், தாத்தாவிடம், ஆயாவிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கேளுங்கள்: எதைத் தொட்டால் கை மரத்துப் போகும், எதைக் கடித்தால் நாக்கு கசக்கும், எந்தச் சிப்பியின்மேல் ஈ உட்காராது, காயத்துக்கு எதை அரைத்துப் பூசினார்கள். அவர்கள் சொல்கிற பேச்சிலேயே போனில் பதிவு செய்யுங்கள், திருத்தாதீர்கள். அவர்கள் சம்மதம் இல்லாமல் எங்கேயும் போடாதீர்கள், எனக்குக்கூட அனுப்ப வேண்டாம். பதிவேடு என்று ஒன்று வரும்போது அவர்கள் பெயரோடு கொடுப்போம்.

மூட்டுவலி மாத்திரை பற்றி இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். காக்கா ஆழியின் படம் வைத்திருப்பவர்கள் கீழே கருத்தில் போடுங்கள். எந்த இடம், எந்தத் தேதி, தண்ணீர் ஏற்றமா இறக்கமா என்று மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்